கறுப்புக் காரின் கீறல்கள்: எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்கலாம்

கீறல் விழுந்த காரைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் போய்விடுமா?" அழுக்கு போவதுபோல, எண்ணெய்க் கறை போவதுபோல, கீறலும் போய்விடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் கீறல் என்பது பள்ளம். பள்ளத்தைத் துடைத்து எடுக்க முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவி இறக்கினால்தான் பள்ளம் மறையும். தச்சர் பலகையில் இழைப்புளி போடுவதும் இதே வேலைதான். ஆக, ஒரு கோடு மறையும்போதெல்லாம் காரின் பெயிண்டிலும் ஒரு பங்கு தூளாகிப் போகிறது. பழைய காரில் அந்தப் பெயிண்ட் ஏற்கெனவே பாதி செலவாகியிருக்கும். மீதியை எங்கே, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலின் மூளை. பாலிஷ் மெஷினைப் பிடிப்பது அதற்குப் பிறகு.

கோயம்புத்தூரில் என்னிடம் வந்த ஒரு காரை வைத்தே இதைச் சொல்கிறேன். 1991 ஆம் ஆண்டு மெர்சிடஸ் 230 இ, சாதாக் கறுப்பு. உரிமையாளரின் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தது. டபிள்யூ 124 என்று குறிக்கப்படும் வகை அது. 1984 கடைசியில் ஜெர்மனியில் அறிமுகமானது. புரூனோ சாக்கோ தலைமையிலான வடிவமைப்புக் குழுவின் கைவண்ணம். இந்தியாவில் மெர்சிடஸ் 1995இல் புனேயில் தயாரிக்கத் தொடங்கியதும் இதே வகைக் காரைத்தான். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியதுபோல ஒரு ஓசை வரும். அந்தக் காரின் மேல் எனக்கு உள்ள பிரியத்தை மறைக்க விரும்பவில்லை.

காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது கறுப்பே தெரியவில்லை. பானெட் முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு வலை பின்னியிருந்தது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள். எவர்சில்வர் தட்டை நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அப்படியே அதே வட்டங்கள் தெரியும். தட்டைச் சாய்த்தால் வட்டமும் கூடவே நகரும். உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று ஓடுகின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்த கோடுகள் மட்டும் கண்ணுக்குப் பளிச்சிடுவதால் நமக்கு வட்டமாகத் தெரிகிறது. சுழல் கீறல் என்று இதைச் சொல்கிறோம்.

இதே அளவு கீறல் ஒரு வெள்ளைக் காரில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. காரணம் எளிது. பெயிண்டின் மேல்பரப்பு, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போகிறது. வெள்ளைப் பெயிண்ட் அதைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். கீறலில் சிதறும் ஒளி அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். கறுப்பு, உள்ளே வந்ததை எல்லாம் விழுங்கிவிடுகிறது. அதனால் கறுப்புக் காரில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த நான்கு பங்குப் பிரதிபலிப்பைத்தான். அதில் ஒரு சிறு கோடு குறுக்கிட்டாலும் இருட்டு அறையில் தீக்குச்சி உரசியதுபோலத் தெரியும். "கறுப்பு சீக்கிரம் கீறல் விழும் நிறம்" என்று பலர் சொல்வதில் பாதிதான் உண்மை. சில கம்பெனிகளின் சில கறுப்புகள் மென்மையானவை என்பது சரி. மற்றபடி எல்லா நிறத்திலும் கீறல் விழுகிறது, கறுப்பு அதை ஒளிப்பதில்லை.

இனி பெயிண்டின் கனத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லாக் கணக்கும் அதில்தான் தொடங்குகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரு காரில் தகட்டின் மேல் உள்ள எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான்; தலைமுடி ஒன்றின் தடிமன் சராசரியாக எழுபது. துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள். கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். பால் பாக்கெட்டை வெட்டி உறையை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். பளபளப்பு, ஆழம், வெயிலிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அந்த உறைக்குள் அடங்கியிருக்கின்றன. அதில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுத்தால், வெயில் தாங்கும் சக்தி குறைந்து சில ஆண்டுகளில் வெளுத்து உரியத் தொடங்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்க வழியே கிடையாது.

பழைய கறுப்பு மெர்சிடஸில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்தில் 040 என்ற எண்ணோடு வந்த சாதாக் கறுப்பு பல கார்களில் ஒற்றை அடுக்குப் பெயிண்ட். மேலே தனியாகக் கிளியர் கோட் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. இதைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷை எடுத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தேய்த்தால் போதும். துணி கறுத்தால் ஒற்றை அடுக்கு. வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. இந்தக் காரின் கூரையில் தேய்த்தபோது துணி மை தொட்டதுபோல் கறுத்தது. வலது பின்கதவில் தேய்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. அந்த ஒரு கதவு எப்போதோ மறு பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது.

அடுத்ததாகக் கனம் அளக்கும் மானியை எடுத்தேன். உள்ளங்கை அளவுக் கருவி. பெயிண்டின் மேல் வைத்து அழுத்தினால் அடியில் உள்ள தகடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மைக்ரானில் காட்டும். கூரையில் 105, 110, 112. பானெட்டில் நடுவே 95, ஓரங்களில் 80க்கும் கீழே. முப்பது வருடத்தில் யார் யாரோ பானெட்டைத்தான் அதிகம் ரப்பிங் போட்டிருக்கிறார்கள் என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. மறு பெயிண்ட் அடித்த கதவில் 260. முன்சக்கரத்துக்கு மேலே இடது ஃபெண்டரில் ஓரிடத்தில் 640. உள்ளே பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை, வைத்து டிங்கரிங் செய்திருக்கிறார்கள். கதவுகளின் கீழ்ப்பகுதியில் மானி எதையும் காட்டவில்லை. 1989 முதல் இந்த வகைக் கார்களில் அங்கே பிளாஸ்டிக் பலகைகள் வைத்தார்கள். சாதாரண மானி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். அளவே தெரியாத இடத்தில் கையை மென்மையாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு காருக்குக் குறைந்தது அறுபது எழுபது இடங்களில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன். இந்தத் தாளைப் போடாமல் மெஷினைத் தொடுகிறவரிடம் பழைய காரைக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதே நேரம், மானியின் துல்லியமே ஓரிரு மைக்ரான் முன்னே பின்னே இருக்கும். "ஒரு மைக்ரான்தான் எடுத்தேன்" என்று யாராவது மானியைக் காட்டினால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். எங்கே வேலையே செய்யக் கூடாது என்று சொல்வதில்தான் அதன் அருமை.

பிறகு ஒவ்வொரு கீறலையும் நகத்தால் உரசிப் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் குறுக்காக நகத்தை மெல்ல இழுக்கும்போது வழுக்கிப் போனால் அது மேலோட்டமான கீறல், பாலிஷில் மறைந்துவிடும். நகம் தட்டினால் ஆழம் அதிகம். அதை முழுவதும் சீவ முயன்றால் சுற்றியுள்ள பெயிண்ட் ஆபத்தான அளவுக்கு மெலியும். கோட்டுக்குள் வெளிறிய நிறமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது என்று பொருள். உலோகம் தெரிந்தால் துரு வர நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் காரில் கண்ணுக்குத் தெரிந்த கோடுகளில் பெரும்பாலானவை முதல் வகை. ஆழமானவை பதினான்கு. அவற்றில் இடது முன்கதவில் சாவியால் இழுத்தது ஒன்று, இரண்டு சாண் நீளம்.

"எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் சார், புதுக் கார் மாதிரி வேண்டும்" என்றார் உரிமையாளர்.

"எல்லாவற்றையும் எடுத்தால் பானெட்டில் பெயிண்டே மிஞ்சாது சார். மறு பெயிண்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும்" என்றேன். தொழிற்சாலையில் போட்ட பெயிண்ட் உயர்ந்த சூட்டில், வெறும் உடற்கூட்டின் மேல், இருக்கையும் கண்ணாடியும் ரப்பரும் பொருத்தப்படுவதற்கு முன்பே சுட்டெடுக்கப்பட்டது. பட்டறையில் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அந்தச் சூட்டைத் தர முடியாது. முழுக் காரும் அதைத் தாங்காது. பழைய காரில் அசல் பெயிண்ட் என்பது திரும்ப வாங்க முடியாத சொத்து. அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றார்.

வேலையின் முதல் நாள் முழுவதும் மெஷின் பெட்டியைத் திறக்கவே இல்லை. கழுவினோம். பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தோம். துகள் இருந்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழிந்தது. அதற்கும் அசையாத தூசியை, சோப்புத் தண்ணீர் வழுக்கலோடு களிமண் போன்ற ஒரு பசைக்கட்டியால் உருட்டி எடுத்தோம். இந்தச் சுத்தம் இல்லாமல் மெஷினை வைத்தால், அந்த மணல் மெஷின் முனையில் சுழலும் பஞ்சில் சிக்கி, நீக்க வந்த கீறலைவிடப் பெரிய கீறலைப் போடும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், குரோம் பட்டை, பானெட்டின் கூரான ஓரங்கள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினோம். பெயிண்ட் மிகவும் மெல்லியதாக இருக்கும் இடம் ஓரங்கள்தான். மெஷினின் அழுத்தம் முழுவதும் போய்க் குவிவதும் அங்கேதான். பெயிண்ட் எரிந்துபோன கார்களில் பெரும்பாலும் ஓரங்களில்தான் அது நடந்திருக்கும்.

இரண்டாம் நாள் டிக்கி மூடியின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு டேப் ஒட்டி, அங்கே மட்டும் சோதனை. இதற்கு ஒரு விதி உண்டு: இருப்பதிலேயே மென்மையான பஞ்சும் மென்மையான பாலிஷும் முதலில். அது போதவில்லை என்றால் ஒரு படி மேலே. போதுமென்று ஆன படியில் நின்றுவிட வேண்டும். மென்மையான பாலிஷ் ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும். காம்பவுண்ட் என்ற கடுமையான பசை இரண்டு மூன்று மைக்ரானைக்கூட எடுத்துவிடும். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர் அதற்கும் மேலே. முதலிலேயே வாட்டர் பேப்பரை எடுப்பவர் வேலையைச் சீக்கிரம் முடிப்பார். பெயிண்டையும் சேர்த்து முடிப்பார்.

மெஷினிலும் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும். பழகாத கையில் அது கறுப்புக் காரின் மேல் பட்டுச்சேலை மடிப்பைப் போல நீண்ட நிழல் கோடுகளை விட்டுவிடும்; சாலை விளக்கின் கீழே கார் நகரும்போது அந்தக் கோடுகளும் அலை அலையாக நகரும். மற்றொன்று, சுற்றிக்கொண்டே அச்சும் ஆடும் இரட்டை இயக்க மெஷின். மெதுவானது, ஆனால் தவறை மன்னிக்கும். முதன்முறையாகச் சொந்தக் காரில் முயல்பவர்கள் இரட்டை இயக்கத்தைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

சோதனைச் சதுரத்தில் பட்டாணி அளவு பாலிஷை நான்கு இடத்தில் வைத்து, மெஷினை மெதுவாக, வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், முதலில் கிடையாகவும் பிறகு நெடுக்காகவும் நகர்த்தினேன். நான்கு முறை. மஞ்சள் பஞ்சு கன்னங்கரேலென்று ஆனது. ஒற்றை அடுக்குப் பெயிண்டில் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வருவது நிறம்தான்; ஆனால் பஞ்சை அடிக்கடி தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு மாவே திரும்பப் போய்க் கீறும். துடைத்துவிட்டு டேப்பை உரித்தேன். டேப்புக்கு இந்தப்பக்கம் சாம்பல் வலை. அந்தப்பக்கம் கிணற்று நீரைப் போலக் கறுப்பு. மேலே இருந்த குழல்விளக்கின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராகத் தெரிந்தது. உரிமையாளர் குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

அத்தோடு முடிவு செய்துவிடக் கூடாது. பாலிஷில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் கீறலுக்குள் இறங்கி அதை மறைக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்த பிறகும் கோடு தெரியவில்லை என்றால்தான் அது உண்மையில் போயிருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வருவதற்கு முன்பு என் சொந்தக் கறுப்புக் காரை ஒரு கடையில் கொடுத்தேன். மாலையில் எடுக்கும்போது கண்ணாடிபோல மின்னியது. மூன்றாவது முறை கழுவியபோது எல்லாக் கோடுகளும் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. மெழுகும் நிரப்பியும் கலந்த பசையைத் தடவி என்னை அனுப்பியிருந்தார்கள். நிரப்பி தடவுவது தவறில்லை. அடுத்த நாள் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் காருக்கு அது நல்ல வழிதான். நிரப்பியைத் தடவிவிட்டு, கீறலை நீக்கியதாகச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் மோசடி. காரை எடுக்கும்போது ஓரிடத்திலாவது ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் தயங்க மாட்டார்.

முப்பது வருடப் பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்ட் வெயிலில் காய்ந்து வறண்டிருக்கும். அதனால் மெஷின் போடுவதற்கு முந்தைய இரவே, எண்ணெய்ப் பசை மிகுந்த பழைய வகைப் பாலிஷைக் கையால் தாராளமாகப் பூசி விடிய விடிய ஊற விட்டிருந்தோம். வறண்ட தலைக்கு எண்ணெய் வைப்பதுபோலத்தான். காலையில் பார்த்தால் கூரையின் வெளிறல் பாதி இறங்கியிருந்தது. கிளியர் கோட் உள்ள காரில் இதனால் பயனில்லை.

கூரை, டிக்கி, கதவுகளில் நடுத்தரப் பாலிஷ் ஒரு சுற்று, மென்மையான பாலிஷ் ஒரு சுற்று. மறு பெயிண்ட் அடித்த கதவு கனமாக இருந்ததால் அங்கே காம்பவுண்டும் போட்டோம். பட்டி வைத்த ஃபெண்டரில் அப்படிச் செய்யவில்லை. மானி 640 என்று காட்டினாலும் அதில் மேல்பூச்சு எவ்வளவு, பட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பானெட்டில் மென்மையான பாலிஷ் மட்டும், அதுவும் ஓரங்களைத் தவிர்த்து. கீழ்ப்பலகைகள் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவ இடமில்லாமல் ஒரே இடத்தில் தேங்கும். அங்கே நிமிடத்துக்கு ஒரு முறை புறங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்தோம். மூன்று நாள் முடிவில் சுழல் கீறல்களில் மிகப் பெரும்பகுதி போயிருந்தது. பானெட்டில் மட்டும் கூர்ந்து பார்த்தால் தெரியும் அளவுக்குச் சில கோடுகள் மிஞ்சின. அவை அங்கேயே இருக்கட்டும்.

சாவிக்கீறலுக்கு வேறு வைத்தியம். அது பள்ளத்தை நிரப்பும் வேலை. கோட்டுக்குள் இருந்த மெழுகையும் அழுக்கையும் ஆல்கஹாலால் எடுத்துவிட்டு, அதே நிற எண்ணுக்குக் கலந்த டச்-அப் பெயிண்டை, தூரிகையால் அல்லாமல் பல்குச்சி முனையால், பள்ளத்துக்குள் மட்டும் இறங்கும்படி விட்டேன். காய்ந்தால் அது அமுங்கும். மறுபடியும் விட வேண்டும். நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் பல மணி நேரம். சுற்றுப்பரப்பைவிட மயிரிழை மேலே நின்றதும், விரல்நுனி அளவு கட்டையில் மிக நைசான 3000 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி, மேட்டை மட்டும் தொட்டுச் சமப்படுத்தி, கையால் பாலிஷ் போட்டேன். எங்கே இருந்தது என்று தெரிந்து தேடுபவர் கண்டுபிடிப்பார். ஆறடி தள்ளி நிற்பவர் கண்டுபிடிக்க மாட்டார். துருவும் உள்ளே போகாது.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று விளம்பரம் செய்கிறார்கள். 9 எச் கடினம் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; மணல் அதைப் பொருட்படுத்தாது. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கி ஓட அது உதவும், காக்கை எச்சம் உடனே அரிக்காமல் சிறிது அவகாசம் தரும். ஆனால் கீறலைச் சரிசெய்யாமல் அதன்மேல் கோட்டிங் போட்டால், கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படம்போல அந்தக் கீறல் உள்ளே பத்திரமாக இருக்கும். பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்டுக்கு நான் மெழுகையே விரும்புகிறேன். இந்தக் காருக்கும் கார்னோபா மெழுகுதான் போட்டோம்.

இத்தனை கீறலும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விபத்தோ பகையோ அதிகம் இல்லை. காரின் உறையைக் காற்று அசைக்க, அதற்கடியில் சிக்கிய தூசி நாள் முழுவதும் தேய்த்திருக்கிறது. தினமும் காலையில் தூசியைக் காய்ந்த துடைப்பானால் தட்டியிருக்கிறார்கள். பட்டறைகளில் கைக்குக் கைமாறும் திருப்பூர் பனியன் கழிவுத் துணியின் தையல் மடிப்பும் தன் பங்கைச் செய்திருக்கிறது. அடுக்ககத்தில் காவலாளி அரை வாளித் தண்ணீரில் நான்கு கார்களைத் துடைத்தால், முதல் காரின் மணல் நான்காவது காரைச் சீவும்.

காரை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளரையும், அவர் வீட்டில் வண்டி கழுவும் அண்ணனையும் கூடவே வரச் சொல்லியிருந்தேன். இரண்டு வாளி வைத்தோம், ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். முதலில் குழாய் நீரை ஊற்றித் தூசியைத் தளர்த்திவிட்டு, மைக்ரோஃபைபர் கையுறையைச் சோப்பு நீரில் முக்கி மேலிருந்து கீழாக ஒரு பகுதி கழுவுவது, கையுறையை வெறும் நீரில் அலசுவது, பிறகுதான் மறுபடியும் சோப்பு நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் காய விடாமல் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையேல் உப்பு வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். அண்ணன் முழுக் காரையும் தன் கையாலேயே கழுவி முடித்தார். பிறகு அலசல் வாளியின் நீரை மெல்லச் சாய்த்துக் கொட்டச் சொன்னேன். அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு மணல் படிந்திருந்தது. அதை விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தவர், "இவ்வளவு நாளும் இதை வைத்துத்தான் துடைத்தேனா?" என்று கேட்டார்.